பழைய வலையில் வண்ணப் பந்தல்: மண்டபம் வடகடல் கரையில் காற்றுக்கு நிற்குமா?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்கு மேற்கே, வடகடல் (பாக் விரிகுடா) கரையில் உள்ள ஒரு மீனவக் குடியிருப்பின் வலை காயப்போடும் திடலில் பொதுக்கலை வேலை ஒன்று திட்டத்தில் இருக்கிறது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். கழித்துப் போட்ட மீன்பிடி வலைகளை நிறம் நிறமாக இணைத்து, நாலு காலில் தூக்கிக் கட்டிய பந்தல். அடியில் ஊர்க்காரர்கள் உட்காரலாம், பிள்ளைகள் விளையாடலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால் அப்போதே பின்னி, அப்போதே ஏற்ற எண்ணம். ஓலை முடையும் பெண்களும் சேர்கிறார்கள்.

கேட்க வேண்டியவை: எந்த வலை வெயிலுக்கு நிற்கும்? எந்தக் கயிறு? மணலில் கால் எப்படி நிற்கும்? நிறம் எத்தனை நாள் இருக்கும்? எல்லாத் தெருவும் தன்னுடையது என்று நினைக்கிற மாதிரி வேலையை எப்படிப் பிரிப்பது?

மடிவலை:
முதல்ல வலை. மூணு வகை கைக்கு வரும். விசைப்படகு இழுக்கிற இழுவை மடியில இருந்து வர்ற எச்.டி.பி.ஈ. (அடர்த்தி கூடின பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) முறுக்குநூல் வலை, நைலான் வலை, தங்கூசி வலை. பந்தலுக்கு எச்.டி.பி.ஈ. மட்டும் எடுங்க. அதுல நிறம் பிளாஸ்டிக்கைக் காய்ச்சும்போதே உள்ளே கலந்தது, மேல பூசினது இல்லை. பச்சை, நீலம், ஆரஞ்சு, கறுப்பு தாராளமாக் கிடைக்கும். கறுப்புதான் வெயிலுக்கு ரொம்ப நாள் தாங்கும். அடுத்து நீலமும் பச்சையும். ஆரஞ்சும் சிவப்பும் முதல்ல வெளுக்கும்.

நைலான் தண்ணி குடிக்கும், ஈரத்துல நீளும். காலையில விறைப்பாக் கட்டினது பனி விழுந்த ராத்திரியில தொங்கும். வெயில்ல பலமும் சீக்கிரம் போகும். தங்கூசி பக்கமே போகாதீங்க, கண்ணுக்கே தெரியாத வலை அது, காக்காயும் கொக்கும் மாட்டும்.

வலையைத் தேர்வு பண்ற விதம்: நூலை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அழுத்தித் தேய்ங்க. விரல்ல நிறப்பொடி ஒட்டினா அந்தத் துண்டு வேண்டாம். அப்புறம் ஒரு கண்ணியை (வலையில ஒரு கட்டம்) ரெண்டு கையாலயும் வெடுக்குன்னு இழுங்க. முடிச்சுக்குப் பக்கத்துல அறுந்தா வெயில் தின்ன வலை. நீலப் பாலிபுரோப்பிலீன் கயிறுல பழசு ஒரு முழம் கூடச் சேர்க்காதீங்க. அது இழை இழையா உதிர்ந்து மணல்லயும் கடல்லயும் போய்ச் சேரும்.

எச்.டி.பி.ஈ. மேல பெயிண்ட் அடிக்க யாராவது சொன்னாக் கேக்காதீங்க. ஒட்டாது. செதில் செதிலா உரிஞ்சு கீழ உக்காந்திருக்கிற பிள்ளைங்க தலையில விழும். சாயமும் ஏறாது.

கழுவுறது: கொட்டலசும் பாசியும் ஒட்டின வலையை முதல்ல நல்லாக் காயவச்சு, கட்டையால தட்டி உதிர்க்கணும். அப்புறம் கடல் தண்ணியில அலசல், கடைசி ஒரே ஒரு அலசல் மட்டும் நல்ல தண்ணியில. நம்ம பக்கம் குடிதண்ணி விலைக்கு வாங்குற ஊர்ல வலை கழுவ டேங்கர் வரவழைச்சா அன்னைக்கே பேரு கெட்டுப்போகும்.

உப்புக்காற்று:
வலைக்கு மடிவலை அண்ணன் சொன்னதே போதும். காற்றைப் பற்றி நான் எழுதுகிறேன்.

காற்றின் அழுத்தத்துக்கு எளிய கணக்கு: 0.6 × வேகம் × வேகம். வேகம் வினாடிக்கு மீட்டரில், விடை சதுர மீட்டருக்கு நியூட்டனில். மணிக்கு 72 கி.மீ. காற்று என்றால் 20 மீட்டர், அழுத்தம் 240. மணிக்கு 108 கி.மீ. என்றால் 30 மீட்டர், அழுத்தம் 540. வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் இரண்டேகால் மடங்கு.

இனி வலை. கண்ணியின் ஒரு பக்கம் 20 மி.மீ. (இழுத்துப் பிடித்தால் 40 மி.மீ. கண்ணி), நூல் 1.5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை மறைக்கும் பரப்பு 2 × 1.5 ÷ 20, அதாவது 15 சதவீதம். 96 சதுர மீட்டர் பந்தலில் 14.4 சதுர மீட்டர். இழுவைக் கெழு (ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண்) 1.2 என்று எடுத்தால், 30 மீட்டர் வேகத்தில் நேராக மோதும்போது சுமார் 950 கிலோ. அதே அளவில் துணியோ தார்ப்பாயோ கட்டினால் 6,300 கிலோவுக்கு மேல். வலையைத் தேர்ந்தெடுத்ததிலேயே பெரிய பிரச்சினை தீர்ந்துவிட்டது. படுக்கையாகக் கட்டிய வலைமேல் காற்று இத்தனை முழுமையாக மோதாது என்றாலும், படபடத்து எழும்பும் நேரத்துக்காக இந்தக் கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று முக்கியம். மே மாதம் கச்சான் காற்று தொடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று தென்கடல் (மன்னார் வளைகுடா) கரைக்குக் கடலிலிருந்து வருகிறது. வடகடல் கரையில் அதுவே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மண்டபம் பக்கம் நிலம் ஒடுக்கம், தடுக்க மலையோ காடோ கிடையாது. உங்கள் பந்தல் அறுந்தால் ஊருக்குள் விழாது, நேரே கடலில் போய் விழும். விழுந்த வலை ஆளில்லாமல் மீன் பிடித்துக்கொண்டே கிடக்கும். ஆகவே தென்மேற்கு மூலையில் மட்டும், கால் உச்சியிலிருந்து தரைக்கு இறங்கும் இழுகயிறு ஒன்று கூடுதலாக. அதோடு, முக்கியக் கயிறு அறுந்தாலும் வலையைத் தரையோடு பிடித்துவைக்க, தொய்வாகத் தொங்கும் காவல் கயிறு ஒன்று.

நூல்கண்டு:
நன்றி உப்புக்காற்று. வலையை எவ்வளவு விறைப்பாக இழுக்க வேண்டும்? வரைபடத்தில் தட்டையாக, கோடு போட்ட மாதிரி இருக்கிறது. படத்துக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறது.

உப்புக்காற்று:
தட்டையாக இழுத்தால் நிச்சயம் அறும். கயிறு எவ்வளவு விறைப்போ அவ்வளவு இழுவிசை. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொய்வு விட்டால், கயிற்றின் இழுவிசை அதன் மேல் விழும் மொத்தப் பாரத்தைப் போல 1.25 மடங்கு. முப்பதில் ஒரு பங்குதான் தொய்வு என்றால் 3.75 மடங்கு. 950 கிலோவை நாலு ஓரமும் பகிர்ந்தால் ஒரு ஓரத்துக்குச் சுமார் 240 கிலோ. 12 மீட்டர் ஓரத்தில் 1.2 மீட்டர் தொய்வு விட்டால் கயிற்றில் 300 கிலோ. 40 செ.மீ. மட்டும் விட்டால் 900 கிலோ.

புது 12 மி.மீ. பாலிபுரோப்பிலீன் கயிறு அறும் பாரம் சுமார் 2,000 கிலோ. முடிச்சு போட்ட இடத்தில் அது பாதி வரை குறையும், வெயில் இன்னும் குறைக்கும். ஆறில் ஒரு பங்கைத்தான் நம்பலாம், அதாவது 330 கிலோ. பார்த்தீர்களா, 1.2 மீட்டர் தொய்வுக்குச் சரியாக நிற்கிறது, 40 செ.மீ. தொய்வுக்கு நிற்காது. ஓரக்கயிறு உள்பக்கமாக வளைந்து, வலை நடுவில் பள்ளமாக இறங்கித்தான் நிற்க வேண்டும். அந்த வளைவில்தான் நிறங்கள் ஒன்றோடொன்று மடிந்து தெரியும். தட்டையாக இருந்தால் கீழிருந்து பார்ப்பவருக்கு வெறும் கட்டம்தான்.

தொய்வு விடுவதால் உயரமும் மாறும். நடுப்பகுதியில் தலைக்கு மேல் 2.5 மீட்டராவது வேண்டும். எனவே தரைக்கு மேல் 5 மீட்டர், தரைக்குள் 1 மீட்டர், ஆக 20 அடிச் சவுக்குக் கம்பு. அடிப்பக்கம் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். கால் நேராக வேண்டாம், வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து நடுங்கள்.

தோரணம்:
ஒரு மாற்று யோசனை. போர்ச்சுகல் நாட்டில் அகெடா ஊரில் தெருவுக்கு மேலே வண்ணக் குடைகளைத் தொங்கவிட்ட படம் எல்லாரும் பார்த்ததுதான். அதுபோல் குடையோ, துணித் தோரணமோ போட்டால் செலவும் குறைவு, வேலையும் சுலபம் இல்லையா?

உப்புக்காற்று:
அங்கே இரண்டு பக்கமும் கட்டடம் உள்ள குறுகிய தெரு. சுவருக்குச் சுவர் கம்பி இழுத்துக் கட்டலாம், காற்றும் அடக்கம். இங்கே திறந்த கரை. விரித்த குடையின் பரப்பு முழுக்கக் காற்றை வாங்கும், உப்புக்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்து முதலில் மடக்கும் இடத்தில் ஒடியும். ஒடிந்த குடைக்கம்பி கூட்டத்துக்கு மேலே தொங்கக்கூடாது.

பிளாஸ்டிக் கொடித் தோரணமும் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான பொருட்களில் அதுவும் உண்டு.

மடிவலை:
தோரணம் தம்பி, செலவை விடுங்க. குடையைத் தொங்கவிட ஏணியும் ரெண்டு ஆளும் போதும், ஊரு எதுக்கு? வலை பின்னத் தெரிஞ்ச கை நூறு இருக்கிற இடத்துல வலையிலதான் வேலை நடக்கணும்.

நூல்கண்டு, துண்டு பிரிக்கிற கணக்கு சொல்றேன். 12 × 8-ஐ 2 மீட்டர் × 2 மீட்டர் துண்டாப் பிரிச்சா 24 துண்டு. ஆனா 2 மீட்டர் வலையை வெட்டி 2 மீட்டர் இடத்துல கட்டினா கண்ணி திறக்காது. கண்ணி சதுரமா விரியணும்னா, இழுத்த நீளத்துல 0.707 பங்குதான் விரிஞ்ச நீளம். 40 மி.மீ. கண்ணி ஒண்ணு விரிஞ்சா 28 மி.மீ. சொச்சம். 2 மீட்டருக்கு 71 கண்ணி வேணும். ஓரத்துல கோக்க மூணு சேர்த்து 74. நீளத்துக்கும் அகலத்துக்கும் அதே 74. மேல் கயிறு கோக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை, ஆனா வெளியூர்ல இருந்து வர்றவங்க இங்கதான் முதல்ல தப்புப் பண்றாங்க. மீட்டர்ல வெட்டாதீங்க, கண்ணி எண்ணி வெட்டுங்க.

எல்லாத் துண்டும் ஒரே கண்ணி அளவுல இருக்கிறது நல்லது. 40-ம் 60-ம் பக்கத்துல பக்கத்துல வந்தா, 60 பக்கத்துல ரெண்டு கண்ணிக்கு 40 பக்கத்துல மூணு கண்ணின்னு கோக்கணும். கணக்கு மறந்தா ஒரு பக்கம் சுருங்கி இழுபடும்.

சேர்க்கிறது 2 மி.மீ. புது எச்.டி.பி.ஈ. நூலால. ஒவ்வொரு கண்ணியிலயும் ஊசி நுழைச்சுக்கிட்டே போய், மூணாவது கண்ணிக்கு ஒரு தடவை இறுக்கி முடிச்சு. அப்போ ஒரு இடத்துல அறுந்தா மூணு கண்ணியோட நிக்கும், தொடர்ந்து பிரியாது. வெட்டின முனையை நெருப்புல லேசாக் காட்டி உருக்கி அமுக்குங்க. வெளியில, காத்தோட்டத்துல பண்ணுங்க, புகை நெஞ்சுக்கு ஆகாது.

ஓரக்கயிறுல வலையைக் கட்டும்போது 15 செ.மீ.க்கு ஒரு கட்டு. கம்பி, கட்டுக்கம்பி எதுவும் வேண்டாம். கடற்கரையில கட்டுக்கம்பி ஒரு மழைக்காலம் தாங்காது, துருப்பிடிச்ச முனை நூலை அறுக்கும். எல்லாம் கயிறாலயே கட்டலாம்.

ஓலைப்பெட்டி:
ஓலை வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

குருத்தோலைதான் சாயம் பிடிக்கும். முற்றிய ஓலையில் பச்சை மேல்தோல் சாயத்தை மங்கலாக்கிவிடும். ஈர்க்கு நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒரே அகலத்துக்கு வகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு கிலோ காய்ந்த ஓலைக்குப் பத்து லிட்டர் தண்ணீர், 10 முதல் 15 கிராம் ஓலைச்சாயம், ஒரு கை உப்பு. சாயத்தைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். நேராகப் போட்டால் கரையாத பொடி ஓலையில் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். கொதி வந்தபின் இருபது முப்பது நிமிடம், இடையிடையே புரட்டிவிட்டு. எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் மேல்பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் ஒரு நிறம். சாயப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக்கூடாது. மிஞ்சிய சாயத்தண்ணீர் கடலுக்கும் போகக்கூடாது, கிணற்றுப் பக்கமும் போகக்கூடாது. அடுத்த ஈடுக்கு அதே தண்ணீரில் பாதிச் சாயம் சேர்த்து இளநிறம் எடுத்துவிடுங்கள். அது கடைசியில் வெளுத்துப்போகும்வரை பயன்படும்.

நிறம் நிற்குமா என்றால், திறந்த வெயிலில் நிற்காது. ரோஸும் ஊதாவும் முதலில் போகும், சில வாரத்தில் வைக்கோல் நிறம் வந்துவிடும். அதனால் ஓலையைப் பந்தலின் நிலையான பாகமாக வைக்காதீர்கள். மாற்றிக் கட்டுகிற பாகமாக வையுங்கள். மீன், நட்சத்திரம், கிளி, சின்னப் பெட்டி என்று பிள்ளைகளும் முடையலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தெரு தன் ஓலையை இறக்கி, புதிதாகக் கட்ட வேண்டும் என்று முறை வைத்தால் பந்தல் எப்போதும் புதிதாகவே இருக்கும், ஆட்கள் வருவதும் நிற்காது.

கூலி பற்றி ஒன்று. ஓலை முடைகிற பெண்கள் பெட்டிக்கு இவ்வளவு என்று பிழைக்கிறவர்கள். "ஊருக்காகத்தானே" என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள். வலை பின்னுகிறவருக்கு என்ன நாள்கூலியோ அதே கூலியை ஓலைக்கும் முதல் நாளே பேசி, எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

உப்புக்காற்று:
ஓலைப்பெட்டி அக்கா சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். 30 × 20 செ.மீ. ஓலைத்துண்டு ஒன்றின் பரப்பு 0.06 சதுர மீட்டர். நூறு துண்டு தொங்கினால் 6 சதுர மீட்டர், அதாவது 30 மீட்டர் காற்றில் கூடுதலாகச் சுமார் 400 கிலோ. ஆகவே ஓலையை நைலான் நூலில் கட்டாதீர்கள். மெல்லிய பருத்தி நூலில், ஒற்றை இழையில் கட்டுங்கள். பலத்த காற்றில் ஓலை அறுந்து விழட்டும், பந்தல் பிழைக்கும். விழுந்த ஓலை மண்ணோடு மக்கும்.

அடியில் ஊர்க்காரர்கள் உட்காரலாம் என்றீர்கள், அதற்கு நிழல் வேண்டும். 15 சதவீதம் மறைக்கும் வலை 15 சதவீத நிழல்தான் தரும். மே மாத வெயிலில் அதன் அடியில் யாரும் உட்கார மாட்டார்கள். நடுவில் 4 × 4 மீட்டருக்கு மட்டும், ஒரு சாண் இடைவெளி விட்டு, கண்ணி ஒன்றன் மேல் ஒன்று வராதபடி இன்னும் இரண்டு அடுக்கு போடுங்கள். நிழல் 39 சதவீதம் வரை ஏறும். பாரமும் 320 கிலோ ஏறும். மொத்தம் 1,270 கிலோ, ஓரத்துக்கு 317, இழுவிசை சுமார் 400. இதற்கு 12 மி.மீ. கயிறு போதாது. 14 மி.மீ. எடுங்கள், அறும் பாரம் சுமார் 2,700 கிலோ.

நூல்கண்டு:
அப்படியானால் மூலைக் காலும் தரைப்பிடிப்பும்? சிமெண்ட் போடக்கூடாது என்று ஊரில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

உப்புக்காற்று:
சொன்னது சரிதான், சிமெண்ட் தேவையும் இல்லை. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு ஓரக்கயிறு செங்குத்தாகச் சந்திக்கின்றன. ஒவ்வொன்றிலும் 400 கிலோ என்றால் சேர்ந்து 560 கிலோ உள்பக்கம் இழுக்கும். இழுகயிற்றை 45 பாகையில் தரைக்கு இறக்கினால் அந்தக் கயிற்றில் 800 கிலோ. ஆகவே 14 மி.மீ. கயிறு இரட்டையாக. தரையை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 560 கிலோ. அதே 560 காலைக் கீழ்நோக்கி அமுக்கும். பலரும் இந்த அமுக்கத்தை மறக்கிறார்கள், வெறும் கம்பு மணலில் இறங்கிக்கொண்டே போகும். காலுக்கு அடியில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை போடுங்கள்.

பிடிப்புக்குப் புதைகட்டை. ஒன்றரை மீட்டர் நீளம், ஓரடி தடிமனுள்ள பனந்துண்டு. நடுவில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, 1.2 மீட்டர் ஆழத்தில், இழுகயிற்றுக்குக் குறுக்காகப் புதைக்க வேண்டும். நேர் மேலே இருக்கும் மணலே 1.5 × 0.3 × 1.2 × 1,600, அதாவது 860 கிலோ. 560-க்கு இது போதும், பக்கவாட்டு மணலின் பிடிப்பு தனி. கயிறு வரும் பாதைக்குச் சாய்வாக ஒரு ஒடுங்கிய சால் வெட்டுங்கள். நேர்க்குழி வெட்டிக் கயிற்றை மடக்கினால் முதல் காற்றிலேயே கயிறு மணலை அறுத்துத் தளர்ந்துவிடும்.

குழி வெட்டும்போது தண்ணீர் ஊறினால் கணக்கு மாறும். நீருக்குள் இருக்கும் மணலின் கனம் கன மீட்டருக்கு 1,000 கிலோ அளவுதான். அங்கே ஆழம் தேடாதீர்கள், அகலம் தேடுங்கள். ஊற்றுக்கு மேலே 80 செ.மீ. ஆழத்திலேயே, கட்டையின் மேல் பலகை அடுக்கி 80 செ.மீ. அகலமாக்கினால் 1,500 கிலோ மணல் மேலே இருக்கும். நிரப்பும்போது அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்க வேண்டும்.

ஊர்ப்பொது:
தொழில்நுட்பம் எல்லாம் நன்றாகப் போகிறது. இந்த வேலையைக் கவிழ்க்கக்கூடியது காற்று மட்டுமில்லை, நிறமும்தான். அதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன்.

நம் மாவட்டத்தில் இரண்டு நிறம் அடுத்தடுத்துப் பட்டையாக வந்தால் அது கொடி. மூன்று வந்தால் இன்னொரு கொடி. கட்சிக்கொடி, சாதிச்சங்கக் கொடி, கோயில் கொடி, தர்காக் கொடி, மாதா கோயில் கொடி எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. ஓவியர் அழகுக்கு வைத்த சேர்க்கையைப் பார்த்து ஒரு தெரு தன்னுடையது என்று மகிழும், பக்கத்துத் தெரு அதற்காகவே வராது. அப்புறம் எத்தனை விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

செய்ய வேண்டியது: நேர்ப்பட்டை எங்கும் வேண்டாம். ஒரு 2 மீட்டர்த் துண்டுக்குள் குறைந்தது ஐந்து நிறம், அகலம் சமமில்லாமல், கோணலான துண்டுகளாக. அடுத்தடுத்த இரண்டு துண்டின் ஓரத்தில் எந்த நிறம் சந்திக்கிறது என்பதைக் கோப்பதற்கு முன் தரையில் விரித்துப் பார்க்க வேண்டும். பார்ப்பது ஓவியர் மட்டுமல்ல, தெருவுக்கு ஒருவர், அதில் பாதிப் பேர் பெண்கள். "இது எதையாவது நினைவுபடுத்துகிறதா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கொடி தெரிந்தால் யாராவது அங்கேயே சொல்லிவிடுவார்கள், மாற்றுவது அரைமணி நேர வேலை. ஏற்றியபின் மாற்றுவது பஞ்சாயத்து.

24 துண்டில் எது யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். நடுத்துண்டு யாருக்கு, கடல் பக்கம் யாருக்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். தெருவுக்குத் தொடர்ச்சியாகத் துண்டு தராதீர்கள். தெருக்களைக் கலந்து போட்டால் ஒவ்வொரு துண்டையும் பக்கத்துத் தெருவோடு உட்கார்ந்துதான் கோக்க முடியும். நாலு பேர் இந்தப் பக்கமும் நாலு பேர் அந்தப் பக்கமும் ஒரே நூலில் வருவார்கள். ஊரைச் சேர்ப்பது அந்த உட்காரல்தான்.

பந்தலில் பெயர்ப்பலகை வேண்டாம். ஓவியர் பெயர், நன்கொடையாளர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், எதுவும்.

தோரணம்:
பெயர் போடாவிட்டால் பணம் கொடுப்பவர்கள் வருவார்களா? வெளிநாட்டில் இப்படி வலையில் பெரிய வேலை செய்த ஜேனட் எக்கல்மன் பெயரை உலகமே அறியும்.

ஊர்ப்பொது:
அவர் பெயர் அறியப்படுவதில் தவறில்லை. 1997-ல் மாமல்லபுரத்தில் கண்காட்சிக்காக வந்தவர், அவருடைய வண்ணங்கள் வந்து சேராததால் கரையில் வலையைக் குவிக்கிற மீனவர்களைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து வலையில் உருவங்கள் செய்யத் தொடங்கினார். பின்னால் 2005-ல் போர்ச்சுகல் கடற்கரையில் நிலையான பெரிய வலைச் சிற்பம் அமைத்தபோது, மீன்வலை நூலை விட்டுவிட்டு வெயில் தாங்கும் சிறப்பு இழைக்குப் போனார்கள், எஃகு வளையத்தில் தொங்கவிட்டார்கள், பொறியாளர்கள் உழைத்தார்கள். அது ஒரு ஊர் நிரந்தரமாக வைத்துக்கொள்கிற வேலை. இங்கே பேசுவது ஏற்றி இறக்குகிற, கிழிந்தால் அங்கேயே தைக்கிற வேலை. இரண்டுக்கும் பொருளும் வேறு, பெயர் போடுகிற வழக்கமும் வேறு. நன்கொடையை வரவு செலவுத் தாளில் எழுதி, ஊர்க் கமிட்டியில் ஒட்டுங்கள். அது போதும்.

கடற்பசு:
உயிரினங்கள் பக்கம் சில. தங்கூசி வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நூல் 1.5 மி.மீ.க்குக் குறையாமலும் நிறம் பளிச்சென்றும் இருந்தால் பறவைக்குத் தெரியும். ஓரத்தில் தொங்கும் கிழிசல் நுனிகள்தான் ஆபத்து, அவற்றை வெட்டிவிடுங்கள். தினமும் காலையில் ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும்.

இரவு விளக்கு வேண்டாம். பங்குனி ஆமை முட்டையிட்டுக் குஞ்சு வெளிவரும் காலம் மே வரைக்கும் நீளும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதில் கரைப்பக்கம் ஏறிவிடும். இதே வேலையைத் தனுஷ்கோடிப் பக்கம் செய்ய யாராவது நினைத்தால், அங்கே பூநாரைகளுக்காக 2025-ல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், ஆமை முட்டைகளும் அங்கே அதிகம். அந்தப் பக்கமே போகவேண்டாம். தென்கடலில் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, கரையில் எதைச் செய்தாலும் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள்.

நூல்கண்டு:
அனுமதி யாரிடம் எல்லாம்?

ஊர்ப்பொது:
ஊர்க் கமிட்டித் தீர்மானம் முதலில், எழுத்தில். அதை வைத்து ஊராட்சி. கரையில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி உண்டு என்பதால் ஆட்சியர் அலுவலகத்தில் தற்காலிக அமைப்பு என்று தேதி போட்டு, சிமெண்ட் இல்லை என்பதைக் குறிப்பிட்டு, வரைபடத்தோடு விண்ணப்பம். காவல் நிலையத்துக்கும் மரைன் போலீசுக்கும் தகவல் கடிதம். வலை காயப்போடும் இடத்தையும் படகு ஏற்றும் வழியையும் மறிக்கவில்லை என்று வரைபடத்தில் காட்டிவிட்டால் பாதிக் கேள்வி வராது.

மடிவலை:
நாள் பத்தியும் ஒண்ணு சொல்லணும். தடைக்காலம்னா ஆளு சும்மா இருக்காங்கன்னு நினைக்காதீங்க. படகைக் கரையேத்தி மராமத்து, பெயிண்ட், இஞ்சின் வேலை எல்லாம் அப்பத்தான். நாட்டுப்படகுக்காரங்க தொழிலுக்குப் போய்க்கிட்டும் இருப்பாங்க. ஜூன் மாசம் பொறந்துட்டா ஐஸ், டீசல்னு ஓட்டம், ஒரு கையும் கிடைக்காது. வலையைச் சேர்த்துக் கழுவுறதை மார்ச்லயே முடிங்க. பின்னல் ஏப்ரல் கடைசி ரெண்டு வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல. ஏத்துறது மே முதல் வாரம். கச்சான் பலக்கிறதுக்கு முன்ன ஏத்தி, எப்படி நடந்துக்குதுன்னு பாத்துக்கலாம்.

ஏத்துறதை விட இறக்குறதைத்தான் பழகணும். ஒவ்வொரு மூலையிலயும் கால் உச்சியில ஒரு கப்பி. இரும்புக் கப்பி வேண்டாம். கயிறு கப்பி வழியாக் கீழ வந்து, நெஞ்சு உயரத்துல, இழுத்தா அவிழுற முடிச்சுல நிக்கணும். நாலு மூலைக்கு நாலு ஆள். முதல்ல காத்து எதுக்கிற தென்மேற்கு மூலை, அப்புறம் அதுக்கு ரெண்டு பக்கமும், கடைசியா கடல் பக்கம். மாத்தி இறக்கினா வலை காத்தை வாங்கிக் கடல் மேல பறக்கும். ஏத்தின அன்னைக்கே மூணு தடவை இறக்கி ஏத்திப் பாத்துருங்க, அதுல ஒரு தடவை இருட்டுல.

எப்ப இறக்குறதுன்னு வாக்குவாதம் வரக்கூடாது. பாம்பன்ல எந்த எண் புயல் கூண்டு ஏறினாலும் இறக்கணும், ஒண்ணாம் எண்ணா இருந்தாலும் சரி. கூண்டு இல்லாத நாள்ல, பாம்பன் ரயில் பாலத்துல காத்து அளவுக்கு மேல அடிச்சா வண்டியை நிறுத்துவாங்கள்ல, அதே கணக்கை வச்சுக்கங்க. வண்டி நின்ன சேதி வந்தா வலை இறங்கணும். இந்த ரெண்டும் ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச அடையாளம், யாரும் போன்ல அளந்து பாக்க வேண்டியதில்லை.

நூல்கண்டு:
மடிவலை அண்ணே, இறக்கிய வலையை எங்கே வைப்பது? தடைக்காலம் முடிந்தபின் என்ன செய்வது?

மடிவலை:
மணல்ல குவிச்சுப் போடாதீங்க, நண்டும் எலியும் கடிச்சுரும். மடிக்கும்போது ஓரக்கயிறை வெளிப்பக்கம் வச்சு, கூரைக்குக் கீழ உத்தரத்துல தூக்கிக் கட்டுங்க. அடுத்த வருசம் ஏத்துறதுக்கு முன்ன விரல்ல தேய்க்கிற சோதனையை 24 துண்டுலயும் மறுபடி பண்ணணும். பொடி விட்ட துண்டைப் பிரிச்சு எடுத்துட்டு, பழைய வலை எடைக்கு எடுக்கிறவங்ககிட்ட போட்டுருங்க. அந்த இடத்துக்குப் புதுத் துண்டு 74 × 74. கழட்டின துண்டை எரிக்காதீங்க, புதைக்காதீங்க.

ரெண்டு வலை ஊசி, கால் கிலோ 2 மி.மீ. நூல், ஒரு கத்தி, 14 மி.மீ. கயிறு முப்பது மீட்டர். இவ்வளவும் ஒரு டப்பாவுல போட்டு, பந்தலுக்குப் பக்கத்து வீட்ல வச்சிருங்க. எந்தக் கண்ணி அறுந்தாலும் அன்னைக்குச் சாயங்காலமே தைச்சுரணும்.